சூடம் அணைக்காத அக்கா

எதிர்வீட்டு அக்காவிடம் ‘ஏன்’ என்று தொடங்கும் எந்தக் கேள்விக்கும் பதில் வராது. ஏன் லேட்டு, ஏன் முகம் வாடியிருக்கு, ஏன் பொங்கலுக்குப் புதுத்துணி எடுக்கலை, எதற்கும் வராது. கேட்டவர் முகத்தை ஒருதரம் பார்ப்பாள். அந்தப் பார்வையில் கோபம் இருக்காது. தி.நகர் துணிக்கடை ஒன்றில் நாள் முழுக்க நின்றுகொண்டு, புடவையை விரித்து மடித்து, மடித்ததை மறுபடி விரித்துவிட்டு வந்த களைப்பு மட்டும் இருக்கும். அப்புறம் கையில் இருந்த வேலையைத் தொடர்வாள். கேட்டவர்தான் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்க வேண்டும்.

மயிலாப்பூரில் கால்வாய் ஓரம் இருந்த ஹவுசிங் போர்டு குடியிருப்பில், இரண்டாவது மாடியில் எங்கள் கதவும் அவர்கள் கதவும் எதிரெதிர். நடுவில் ஒரு வராந்தா. ஒருவர் குடத்தோடு வந்தால் இன்னொருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டடம் இப்போது இல்லை. புதிதாகக் கட்டித் தருவதாகச் சொல்லி இடித்தார்கள். ஆளுக்கொரு பக்கம் வாடகைக்குப் போய்விட்டோம். அக்கா அதற்கும் முன்னாலேயே போய்விட்டாள்.

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து அம்மா என்னை லேப் டெக்னீஷியன் படிக்க வைத்தாள். அடையாறில் வேலை கிடைத்ததும் குடியிருப்பு மொத்தத்துக்கும் நான் பாதி டாக்டர் ஆகிவிட்டேன். விடிகாலையில் பைக்கில் வீடு வீடாகப் போய் வெறும்வயிற்று ரத்தம் எடுத்து, லேபில் ஒரு ஷிப்ட் பார்த்துவிட்டு மாடி ஏறினால், படிக்கட்டிலேயே யாராவது ரிப்போர்ட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அக்கா மட்டும் எதையும் நீட்டியதில்லை. “இன்னா லேப் தம்பி, இன்னிக்கி யார் ரத்தத்த உறிஞ்சினே?” என்பதோடு சரி.

ஒருமுறை எங்கள் டிரம்மில் இருந்த தண்ணீர் பாதியாகக் குறைந்திருந்தது. லாரி வராத வாரம் அது. அம்மா நேராக எதிர்க் கதவைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தாள். “மொண்டுக்கினு போனவங்களுக்கு விக்கல் எடுத்தே சாவணும்” என்கிற வரைக்கும் போனாள். அக்கா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. சாயங்காலம்தான் தெரிந்தது, ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவின் தம்பி அதில் துணி துவைத்திருக்கிறார். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய், “ஏம்மே, நான் எடுக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று கேட்டாள். அக்கா, “இந்தா, கீரை இன்னும் கீது, எடுத்துக்கினு போ” என்றாள். அம்மா திரும்பி வந்து என்னிடம் அலுத்துக்கொண்டாள். “இவ கையில சண்டையும் போட முடியல, சமாதானமும் ஆவ முடியல.”

இன்னொரு முறை நானே பக்கத்தில் இருந்தேன். தி.நகரில் பேருந்து ஏறினோம். பெண்களுக்குக் கொடுக்கும் இலவசச் சீட்டை கண்டக்டர் அவளிடம் கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆழ்வார்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் செக்கிங் ஏறினார்கள். அக்கா கையைப் பிரித்தாள். சீட்டு இல்லை.

“காசில்லாம குடுக்கறோம், அத்த வாங்கறதுக்கும் கஷ்டமாம்மா?” என்றார் செக்கிங் ஆள்.

பின்னாலிருந்து கண்டக்டர் கத்தினார். “சார், நான்தான் சார் குடுத்தேன். மஞ்சப் பொடவ, நல்லா ஞாபகம் கீது. யம்மா, சொல்லும்மா! வாயத் தொறந்து சொல்லும்மா!”

அக்கா பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். சீட்டு என் செருப்புக்கடியில் கிடந்தது. நான் அதை எடுத்து ஜன்னல் வழியே ஆட்டினேன். அவள் நடைபாதையில் போய்க்கொண்டிருந்தாள். “சீட்டு குடுத்தவன் நானே சாட்சி சொல்றேன், வாங்குனது பேச மாட்டேங்குது. இன்னா பொம்பள நைனா இது!” என்று கண்டக்டர் பேருந்து முழுவதற்கும் முறையிட்டார்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அவளுக்காகக் காத்திருந்தேன். வந்தவள், “பசிக்குது தம்பி, பஜ்ஜி துன்லாமா?” என்றாள். தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்று சாப்பிடும்போது விடாமல் கேட்டேன். அன்றைக்குத்தான், நான் அறிய முதலும் கடைசியுமாக, தன்னைப் பற்றி அவ்வளவு நீளமாக ஒரு பதில் சொன்னாள்.

“சொல்ல ஆரமிச்சா எங்க நிறுத்தறது? வாங்குனேன்னா, எங்கேம்பான். கீழ வுழுந்திச்சின்னா, எப்பிடிம்பான். கடைசீல நான் எதுக்குப் பொறந்தேன்னு சொல்ற வரைக்கும் வுட மாட்டான். நான் வாங்குனது எனக்குத் தெரியும். பத்தாதா?”

எனக்குப் பத்தவில்லை. அவள் மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஆனாலும் பக்கத்தில் இருப்பவர்களைப் பைத்தியமாக்குகிற குணம் அது. அவளுக்கு ஒன்றும் ஆகாதது போல இருக்கும், கூட இருக்கிறவர்கள்தான் வேர்த்துப் போவார்கள்.

அவள் புருஷன் இதற்கு நேர் எதிர். நான் மாமா என்று கூப்பிடுவேன். ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். நாளெல்லாம் மெஷின் சத்தத்தில் பேச முடியாததை வீட்டுக்கு வந்து பேசித் தீர்ப்பார். அவருக்குப் பிடித்த பேச்சு தன் குடும்பப் பெருமை. “எங்க வூட்ல வெளிய பொண்ணு எடுத்ததே இல்ல தம்பி. எங்க தாத்தாவும் ஆயாவும் அத்த புள்ள, மாமன் பொண்ணு. எங்கம்மா சொந்தத் தாய்மாமனத்தான் கட்டிக்கிச்சு. எல்லாம் ஒரே ரத்தம். நான்தான் மொதமொத வெளிய தாண்டினவன்” என்று சொல்லி, உள்ளே இருக்கும் அக்காவைக் கண்ணால் காட்டுவார். அவர்களுடையது காதல் கல்யாணம். எப்படி ஆரம்பித்தது என்று அவர் பலவிதமாகச் சொல்வார். அக்கா அதில் எதையும் சரியென்றும் சொன்னதில்லை, தப்பென்றும் சொன்னதில்லை.

ஒரே மகன் தினேஷ். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். மழைக்காலத்தில் அவனுக்கு டெங்கு வந்து ராயப்பேட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தட்டணுக்கள் குறைந்து, ஏற்றி, பிழைத்துக்கொண்டான். வீட்டுக்கு அனுப்பப் போகிற அன்று நானும் போயிருந்தேன். மாமாவின் தங்கை சாத்துக்குடியோடு வந்திருந்தார். கே.கே. நகரில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். நல்ல மனுஷி. அண்ணன் பிள்ளை மேல் உயிர்.

கட்டில் முனையில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் புரட்டியவர், வகுப்பில் பையனைக் கேட்கிற அதே குரலில் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“டேய், நீ ஏபி பாசிட்டிவா? உங்கப்பா ஓ. உங்கம்மா ஏ. இவங்களுக்கு ஏபி எப்படிடா பொறக்கும்? சொல்லு பாக்கலாம், இது உன் பாடத்துலயே இருக்கு.”

கேட்டு முடித்த பிறகுதான், தான் கேட்டது என்ன என்பது அவருக்கே உறைத்தது. சிரிப்பு அப்படியே நின்றது. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு சாத்துக்குடி உரிக்க ஆரம்பித்தார். அவர் அத்தோடு பேசாமல் போனதுதான் கெடுத்தது. ‘ஏதோ தப்பா எழுதிட்டாங்க’ என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் அன்று போயிருக்கும். மாமா தங்கையைப் பார்த்தார், தினேஷ் அம்மாவைப் பார்த்தான். அக்கா ஜன்னல் கம்பியில் காயப்போட்டிருந்த துண்டை எடுத்து உதறி மடித்தாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரத்தப் பிரிவு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பங்காக வருவது. பிள்ளை ஏபி என்றால் ஒருவர் ஏ கொடுத்திருக்க வேண்டும், இன்னொருவர் பி கொடுத்திருக்க வேண்டும். ஓ என்றால் ஏயும் இல்லை, பியும் இல்லை. ஆகவே ஓ அப்பாவுக்கு ஏபி பிள்ளை பிறக்காது. டீச்சர் அதைத்தான் கரும்பலகையில் எழுதிப் போடுகிறார். நானும் அதைத்தான் படித்துப் பாஸ் பண்ணினேன்.

மறுவாரம் மாமா மகனைக் கூட்டிக்கொண்டு எங்கள் லேபுக்கே வந்தார். “அவன் ஆஸ்பத்திரில தப்பா பாத்துட்டான் தம்பி. நீ பாரு.” கண்ணாடிச் சில்லில் ஆளுக்கு மூன்று சொட்டு வைத்து மருந்தைக் கலந்தேன். ரத்தம் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டினால் அந்தப் பிரிவு இருக்கிறது, கட்டாவிட்டால் இல்லை. தினேஷுடையது ஏ மருந்திலும் கட்டியது, பி மருந்திலும் கட்டியது. மாமாவுடையது இரண்டிலும் வழவழவென்று அப்படியே கிடந்தது. அக்காவும் கடைக்குப் போகிற வழியில் வந்து கையை நீட்டிவிட்டுப் போனாள். ஏ.

“இன்னா தம்பி?”

“ஓ தான் மாமா.”

அவர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு பேசுகிற மனுஷன்.

அன்று வராந்தாவைத் தாண்டி அவர் குரல் கேட்டது. திட்டவில்லை. கெஞ்சினார். “நீ இல்லன்னு சொல்லு. நான் நம்பறேன். ஒரு வார்த்தை சொல்லு, போதும்.” அப்புறம் அக்காவின் குரல், “சோறு ஆறுது.” அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். அன்றிலிருந்து பட்டறையிலேயே படுத்துக்கொண்டார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அக்காவைப் பிடித்து உட்கார வைத்து மன்றாடினாள். எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் ஒரு வழி உண்டு. அம்மன் கோயிலில் எல்லார் முன்னாலும் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து சத்தியம் செய்வது. செய்துவிட்டால் அதற்குமேல் யாரும் பேசக் கூடாது. பேசினால் பேசுகிறவருக்குத்தான் ஆகாது.

“வெள்ளிக்கெழம வாடி. நான் வரேன் கூட. சூடம் அணைச்சிட்டு வந்துடு. ஒரே நிமிஷம், முடிஞ்சிது வேலை.”

“அது பாட்டுக்கு எரிஞ்சிட்டுப் போவட்டுமேக்கா. அத்த ஏன் அணைக்கணும்?”

“உம் புள்ளைக்காவது அணைச்சித் தொலையேன்டி!”

அக்கா எழுந்து போய்விட்டாள். குடியிருப்பில் இதற்கு ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கொண்டார்கள். சத்தியம் பண்ண பயப்படுகிறாள் என்றார்கள். தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும்போது அவளுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு குட இடைவெளி விட்டு நின்றார்கள். நானும் அவள் மேல் எரிச்சலில் இருந்தேன். மற்றவர்கள் எப்படியோ போகட்டும். பையன் இளைத்துக்கொண்டே போனான்.

தினேஷ் ஒருநாள் மொட்டை மாடியில் என்னைப் பிடித்துக்கொண்டான். “அண்ணா, நான் அம்மாகிட்டயே கேட்டேன்.”

“இன்னாடா கேட்டே?”

“அப்பாதான் என் அப்பாவான்னு. ஒண்ணும் சொல்லல. என்னையே பாத்துக்கினு இருந்தாங்க. அப்புறம் மாவு அரைக்கப் போய்ட்டாங்க.” மாடிச் சுவரை நகத்தால் சுரண்டினான். “நான் யாருண்ணா அப்போ? டிஎன்ஏ டெஸ்ட் எடுங்க. எது வந்தாலும் பரவால்ல. தெரியாம இருக்க முடில.”

மாமாவும் அதையேதான் கேட்டார். பையனுக்குப் பதினெட்டு ஆகாததால் பெற்றவர்கள் இருவர் சம்மதமும் வேண்டும். அக்கா மறுத்துவிடுவாள் என்று நினைத்தேன். ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். அதற்கு ரத்தம்கூட வேண்டாம். பஞ்சு சுற்றிய குச்சியைக் கன்னத்தின் உட்புறம் தேய்த்து எடுத்தால் போதும். லேபில் மாமா, தினேஷ், அக்கா மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தனக்கும் மகனுக்கும் நடுவில் ஒரு நாற்காலியை மாமா காலியாக விட்டிருந்தார். கடைசியாக அக்காவிடம் போனேன்.

“வாயத் தொறங்கக்கா.”

திறந்தாள். குச்சியை உறையில் போடும்போது மெதுவாகச் சொன்னாள், “தூங்கறதே இல்லியா நீ? கண்ணு செவந்து கீது.”

மாதிரிகளை வெளியூருக்கு அனுப்பினோம். காத்திருந்த நாட்களை நினைத்தால் இப்போதும் உடம்பு கனக்கிறது. மாமா பட்டறையிலிருந்து போன் செய்து “வந்திச்சா?” என்பார். தினேஷ் தெருவோரக் கையேந்தி பவனில் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்வான். அக்கா தினமும் மூன்று பேருக்குச் சமைத்தாள். மிஞ்சியதை மறுநாள் காலையில் நீர் ஊற்றி அவளே சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். எனக்குக் காலையில் ஊசி குத்தும் வீடுகளில்கூட, அப்பாவையும் பிள்ளையையும் சேர்த்துப் பார்த்தால் மூக்கையும் காதையும் ஒப்பிடத் தோன்றியது. தினேஷுக்கு மாமாவின் ஜாடை துளியும் கிடையாது. முழுக்க அக்கா.

முடிவு வந்தது. எல்லா இடத்திலும் பொருந்தியது. மாமாதான் அப்பா.

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆனால் டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. நேரே லேபுக்கு வந்துவிட்டார். “டிஎன்ஏ சரின்னா ரத்தம் எப்படித் தப்பாகும்? ஓ-வுக்கு ஏபி பொறக்காது. இது நான் நம்பறதும் நம்பாததும் இல்ல, விதி. ரெண்டுல ஒண்ணு பொய்.” கொஞ்சம் தயங்கி, என்னைப் பார்க்காமல் சொன்னார், “குச்சியை எடுத்தது யாரு? எதிர்வீட்டுப் பையன்தானே?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. எங்கள் லேபின் பெரிய டாக்டரம்மா உள்ளே இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மயிலாப்பூர்க்காரர், வயதானவர், அவசரமே படாதவர். “ரெண்டும் நிஜமா இருக்கப்படாதா என்ன?” என்றபடி வெளியே வந்தார். மாமாவை வரச்சொல்லி மறுபடி ரத்தம் எடுத்தார். இந்தமுறை கண்ணாடிச் சில்லில் இல்லை, சோதனைக் குழாயில். மாமாவின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரோடு, வேறொரு ஓ பிரிவுக்காரரின் அணுக்களைக் கலந்தார். ஓ-வும் ஓ-வும் சேர்ந்தால் ஒன்றும் ஆகக் கூடாது. குழாயை ஆட்டிக் காட்டினார். கட்டி கட்டியிருந்தது.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாமாவைக் கேட்டார். “உங்க அப்பாவும் அம்மாவும் கல்யாணத்துக்கு முந்தியே உறவுக்காராளா?”

மாமாவுக்குப் பழைய உற்சாகம் எங்கிருந்தோ வந்தது. “எங்கம்மாவுக்கு சொந்தத் தாய்மாமன்தாங்க எங்கப்பா. அதுக்கு மேலயும் எல்லாம் சொந்தந்தான். வெளிய எடுக்கறதே இல்ல.”

“அதானே பார்த்தேன்.”

ஏ, பி என்பவை ரத்த அணுவின் மேல் இருக்கும் அடையாளங்கள். அவை எழும்ப அடியில் இன்னொரு பொருள் வேண்டும். அது ஓ பிரிவுக்காரர்களுக்கும் உண்டு. மாமாவுக்கு அது பிறவியிலேயே இல்லை. அந்தக் குறை தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் வந்து சேர்ந்தால்தான் இப்படி ஆகும். சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டே வந்த குடும்பத்தில் அது இரண்டு பக்கமும் வந்து சேர்ந்திருக்கிறது. பாம்பே குரூப் என்பார்கள். சில்லுச் சோதனையில் ஓ மாதிரியே தெரியும். நான் படித்த புத்தகத்தில் அதற்கு ஒரு பத்தி இருந்தது. பரீட்சைக்கு வராது என்று தாண்டிப் போன பத்தி.

“இவர்கிட்ட பி-க்கு பிளான் இருக்கு, அஸ்திவாரம் இல்லை” என்றார் டாக்டரம்மா. “பிளானைப் பிள்ளைக்குக் குடுத்துட்டார். அஸ்திவாரத்தை அம்மா குடுத்திருக்கா. அதனாலதான் அவன்கிட்ட பி எழும்பியிருக்கு. பெரிய ரத்த வங்கிக்கு அனுப்பி உறுதி பண்ணிக்கலாம். சார், ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்கோ. ஓன்னு நெனச்சு யாராவது உங்களுக்கு ஓ ரத்தம் ஏத்திட்டா உயிருக்கே ஆபத்து.”

டீச்சர் வெளியே நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். “புக்ல அப்படித்தான் இருக்கு” என்று யாரிடமோ சொல்வது போல இரண்டு தடவை சொன்னார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

மாமா வீட்டுக்கு வந்தார். பிரியாணி வாங்கி வந்தார். வந்தவர்களுக்கெல்லாம் கதை சொன்னார். ஆனால் சொல்லச் சொல்ல அது வேறு கதையாகிக்கொண்டே போனது. “பாம்பே குரூப்பு நைனா! பத்தாயிரத்துல ஒருத்தனுக்குத்தான் இருக்குமாம். ஓ ரத்தமே எனக்கு ஆவாதுன்னா பாத்துக்க!” பட்டறை ஆட்கள் வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு மரியாதையாக உட்கார வைத்து ரத்தம் எடுத்தார்களாம். அதையும் சொன்னார். வராந்தாவில் சிரிப்பும் பேச்சுமாக இருக்கும். அக்கா எல்லாருக்கும் டீ கொண்டுவந்து வைப்பாள். அவர் பட்டறையில் போய்ப் படுத்த நாட்கள் அந்தக் கதையில் எங்கேயும் வரவில்லை.

டீச்சரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சிடுங்க அண்ணி. ஆனா நீங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?” என்றார்.

“இட்லி கீது. சாப்பிட்டுப் போ” என்றாள் அக்கா.

அதற்கப்புறம் சில வாரம் கழித்து, ஒரு விடுமுறை நாள் மத்தியானம், கீழே சாமான் ஏற்றும் குட்டியானை வண்டி வந்து நின்றது. அக்கா பாத்திர மூட்டையைப் படியில் இறக்கிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்தேன். ராயப்பேட்டையில், கடையில் அவளோடு வேலை செய்யும் பெண் வீட்டு மாடியில் ஒரு அறை பார்த்திருக்கிறாள் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாமா வாசலில் லுங்கியோடு நின்றிருந்தார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

“அதான் ப்ரூவ் ஆயிடிச்சேடி! இன்னும் இன்னா? நான் ஒண்ணும் சொல்லலியே இப்ப? தம்பி, நீயாவது கேளேன்!”

நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். படி இறங்கும்போது அவள்தான் என்னைக் கேட்டாள்.

“ஏன் தம்பி, எங்கிட்டயும் குச்சி எடுத்தியே. அது எதுக்கு?”

உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு இடத்திலும் பிள்ளைக்கு இரண்டு எண் இருக்கும், ஒன்று அம்மாவுடையது, ஒன்று அப்பாவுடையது. முதலில் அம்மாவுடையதைக் கண்டுபிடித்துக் கோடு போட்டு அடித்துவிடுவார்கள். மிச்சம் இருப்பதைத்தான் அப்பாவிடம் தேடுவார்கள்.

“என்னுது எல்லாம் இருந்திச்சா?”

“எல்லாம் இருந்திச்சுக்கா. ஒண்ணு விடாம.”

“இருந்திச்சு. அதனால மொதல்ல அடிச்சிட்டாங்க.” மூட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டு சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு. டாக்டரம்மா சொன்ன அஸ்திவாரத்தைச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. அவள் அதற்குள் நாலு படி இறங்கிவிட்டாள்.

மூட்டைகளை ஏற்றி முடித்து, அக்கா டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பப் போகும்போது தினேஷ் படியில் தடதடவென்று இறங்கி வந்தான். முதுகில் ஸ்கூல் பை, கக்கத்தில் சுருட்டிய பாயும் தலையணையும். அந்த முடிவு வந்த நாளிலிருந்து அவன் அம்மாவின் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கவில்லை. அவள் தட்டை வைத்துவிட்டு நகர்ந்த பிறகு வந்து சாப்பிடுவான். இப்போதும் முன்பக்கம் போகவில்லை. பின்பக்கம் ஏறி, மூட்டைகளுக்கு நடுவே இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தான்.

மேலே வராந்தாவிலிருந்து மாமா கத்தினார், “டேய், நீ எங்கடா போற?”

டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தார். “தம்பி, நீயும் வரியா? எங்க போறோம்னு தெரியுமா உனக்கு?”

“தெரியாது” என்றான் தினேஷ். வண்டியின் பின்கதவைத் தூக்கி அவனே கொக்கியைப் போட்டான். “நீங்க எடுங்கண்ணா.”